கீழே இறங்கும் கோடு

உதாரணம் இல்லாத எந்தச் சொல்லையும் பூங்கோதை தன் அகராதிக்குள் விடமாட்டாள். நினைவி நிறுவனத்தின் திருச்சி அலுவலகத்தில் அவளுக்கு அகராதி எழுதுவதுதான் வேலை. வணிகக் கணினியிலும் தரவுப் பகுப்பாய்விலும் செயற்கை நுண்ணறிவிலும் புழங்குகிற முந்நூற்று நாற்பது சொற்களை, பெரம்பலூர், துறையூர்ப் பக்கமிருந்து புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் புரிகிற தமிழில் கையேடாகத் தர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த அலுவலகத்திலிருந்தே ஓர் உதாரணம் இருக்க வேண்டும் என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். மேலாளர் "சும்மா ரெண்டு வரி விளக்கம் போதும் மேடம்" என்று நான்கு முறை சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

'தரவுத் தரம்' என்ற சொல்லுக்கு அவள் இப்படி எழுதியிருந்தாள்: "நம் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருபத்தாறு பேர். பதிவேட்டின்படி அதில் பத்தொன்பது பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள். அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் பேசி வைத்துக்கொண்டு கோடையில் பிள்ளை பெறவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வயது பத்தவில்லை என்று வாத்தியார் கூட்டி எழுதியது. பதிவேட்டில் இருப்பதெல்லாம் நடந்தது அல்ல."

அவளும் அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி. சான்றிதழில் ஜூன் மூன்று. நிஜத்தில் பிறந்தது ஐப்பசி மழையில், அக்டோபர் இருபத்து மூன்று. அம்மா இருந்தவரை அன்றைக்கு ஜவ்வரிசிப் பாயசம் வைப்பாள். அம்மா போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தேதிக்குப் பாயசம் கிடையாது.

ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிப் புலம்பியதும் இல்லை. கே.கே. நகரில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. செவ்வாய்க்கிழமை மட்டும் அலுவலகம், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே வேலை. முன்பெல்லாம் இது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. மூன்று வருடமாகத்தான் வீடு பெரிதாகிக்கொண்டே போவதுபோல் இருந்தது. சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

நிறுவனத்தின் நினைவிச் செயலி இல்லாத போன் இன்று தமிழ்நாட்டில் கிடையாது. "உங்கள் பெரியம்மாவிடம் பேசிப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இப்போது ஓய்வாக இருக்கிறார். முழங்கால் வலி எப்படி என்று கேளுங்கள்" என்று ஒரு சின்ன மணியோசையோடு சொல்லும். ஒரே தட்டு, பெரியம்மா வந்துவிடுவார். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம், யாருக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டும், எல்லாம் அதற்குத் தெரியும். ஏழு வருடத்தில் ஜனங்கள் அதற்கு எப்படிப் பழகிவிட்டார்கள் என்றால், அலுவலகத்தில் பதினொரு மணிக்கு நாலு மேசையில் மணி அடிக்கும், நாலு பேரும் எழுந்து வராந்தாவுக்குப் போய் அம்மாவோடு பேசுவார்கள்.

பூங்கோதையின் போனில் மணி அடிப்பதில்லை. ஊழியர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நிறுத்தியிருப்பார்கள் என நினைத்துக்கொண்டாள். வராந்தாவில் நின்று பேசுகிறவர்களும் ஊழியர்கள்தானே என்று அவளுக்குத் தோன்றவில்லை. மனசுக்குப் பிடிக்காத கேள்வியை மனசு கேட்பதில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாவது சொல் 'ஹோல்ட்-அவுட்'. அதற்கு உதாரணம் கேட்டுத்தான் பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவள் பகுப்பாய்வுப் பிரிவு ஹபீபின் மேசைக்குப் போனாள். ஹபீபுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கேள்வி கேட்டால் எரிச்சல்படாத ஆள், அந்தப் பிரிவில் அது அபூர்வம்.

"ஒரு மருந்து வேலை செய்யுதான்னு எப்படி மேடம் பாப்பாங்க? கொஞ்சம் பேருக்கு மருந்து கொடுக்கணும், கொஞ்சம் பேருக்குக் கொடுக்காம வைக்கணும். ரெண்டையும் ஒப்பிட்டாத்தானே தெரியும்? நம்மகிட்டயும் அப்படி ஒரு கூட்டம் இருக்கு. நூத்துக்கு ரெண்டு பேர்."

"அவங்களுக்கு என்ன கொடுக்காம வைப்பீங்க?"

"நினைவியைத்தான். அவங்களைப் பத்தி யாருக்கும் மணி அடிக்காது. அவங்களுக்கும் யாரைப் பத்தியும் அடிக்காது."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"சம்மதம் கொடுத்திருக்காங்க. நிபந்தனைகள்ல நாப்பத்தோராவது பக்கம்." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் அசடு வழிந்தான். "யாரு மேடம் படிக்கிறா?"

திரையில் இரண்டு கோடுகள். மனிதர்கள் வாரத்துக்கு எத்தனை நிமிடம் மற்றவர்களோடு பேசுகிறார்கள் என்ற கணக்கு. மேல் கோடு எல்லோருக்குமானது. கீழ்க் கோடு அந்த நூற்றுக்கு இரண்டு பேருக்கானது. பூங்கோதை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள்.

"மேல் கோடு ஏறவே இல்லையே ஹபீப்?"

"ஏறலை மேடம். நினைவி வர்றதுக்கு முன்னாடி ஜனங்க எவ்வளவு பேசினாங்களோ, இப்பவும் அவ்வளவுதான் பேசறாங்க."

"அப்புறம் எதுக்கு இது?"

"கீழ பாருங்க. அது இறங்கிக்கிட்டே இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வருஷா வருஷம் கூடுதில்ல? 'நினைவி இருந்தால் நான்கு மடங்கு உறவு'ன்னு விளம்பரம் வருதே, அந்த நாலு மடங்கு இதுதான்."

பூங்கோதைக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "அதாவது, நாம யாருக்கும் எதையும் கூட்டிக் கொடுக்கலை. ஞாபகம் வச்சுக்கற பழக்கத்தை ஜனங்ககிட்டேருந்து வாங்கிக்கிட்டோம். இப்ப யாரைப் பத்தி நாம சொல்லலையோ, அவங்க அம்போன்னு நிக்கறாங்க."

"கையேட்டுல அப்படி எழுதிடாதீங்க மேடம்" என்றான் ஹபீப்.

அவள் அந்தச் சொல்லுக்குத் தமிழில் 'தள்ளிவைத்தோர்' என்று எழுதினாள். ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது மாதிரி இருக்கிறது என்று மேலாளர் அதை அடித்துவிட்டு 'ஒப்பீட்டுக் குழு' என்று மாற்றினார். அவர் சொன்னதும் சரிதான், அப்படித்தான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். காஸ் ஏஜென்சி, கூரியர், வங்கி, காஸ் ஏஜென்சி. போன மழைக்காலத்தில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "கூட யாரும்மா இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டபோது "வருவாங்க" என்றாள். யாரும் வரவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும் காலம் இது, சொல்லியாக வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கல்லூரித் தோழி ரெஜினா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. வராததற்கு ஒரு காரணத்தைத் தானே கண்டுபிடித்து, ரெஜினாவோடு மனசுக்குள்ளேயே பேச்சை முறித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும்விட செழியன். திண்டுக்கல்லில் மோட்டார் பம்புக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்திருக்கும் தம்பி, ஐந்து வயது இளையவன். அம்மா போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுவான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு கூப்பிடவில்லை. மறு ஞாயிறும் இல்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அவனாகக் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். ஒரு மாதம் ஆனபின் கோபம், ஒரு வருடம் ஆனபின் கோபத்தைவிடப் பெரிய வீம்பு. அவ்வளவுதான், மூன்று வருடம் போய்விட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நேராக ஹபீபிடம் போய், "அந்தப் பட்டியல்ல என் பேர் இருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்றாள். பார்க்கக் கூடாது, வேலை போய்விடும் என்றான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு விசைப்பலகையை.

"இருக்கீங்க மேடம். மூணு வருஷம் ரெண்டு மாசம்."

வாய்விட்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. யாருக்கும் அவளைப் பிடிக்காமல் போகவில்லை. ஒரு குலுக்கலில் பெயர் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"வெளிய வரலாமா?"

"வரலாம். ஒரு படிவம் இருக்கு. ஆனா மேடம்..." ஹபீப் குரலைத் தாழ்த்தினான். "எண்ணிக்கை குறையக் கூடாது. நீங்க வெளிய வந்தா, உங்களை மாதிரியே இருக்கறவங்களை எந்திரமே தேடி உள்ள போட்டுடும். இன்னொண்ணு. நாங்க யாரையும் தனியா வைக்கறதில்ல. தனியா வச்சா, அவங்களோட ரொம்ப நெருக்கமா இருக்கறவங்களுக்கு வேற யாரைப் பத்தியாவது மணி அடிக்கறப்ப இவங்க ஞாபகமும் வந்து கூப்பிட்டுடுவாங்க, கணக்கு கலங்கிடும். அதனால நெருக்கமானவங்களையும் சேர்த்து ஒரே கொத்தா வைப்போம். உங்க கொத்துல ரெண்டு பேர்."

"இன்னொருத்தர் யாரு?"

"திண்டுக்கல் நம்பர் மேடம்."

திண்டுக்கல்லில் அவளுக்கு இருப்பது செழியன் ஒருவன்தான். தன்னை மூன்று வருடமாகக் கூப்பிடாதவனை, மூன்று வருடமாக யாருமே கூப்பிடவில்லை. அவளும்கூட.

படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் பஸ் ஏறினாள். நாகல் நகரில் கடைக்குப் பின்னாலேயே அவன் வீடு. மனைவி பிரிந்துபோய் ஆறு வருடம். தாடி முழுக்க நரைத்திருந்தது. கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனான்.

"நினைவி சொல்லி வந்தியாக்கா?"

"இல்லடா. நானா வந்தேன்."

அவன் நம்பவில்லை. அவள் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் டீக்குப் பால் வைத்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றான்.

"மணி அடிக்காததால மொதல்ல விட்டுப்போச்சு, நீயும் ஏன்னு கேக்கல. நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன்" என்றான் கடைசியில். "என்ன தப்பு பண்ணினோம்னு ராப்பகலா யோசிச்சேன். ஒண்ணும் அகப்படல. அகப்படாததாலதான் ரொம்பப் பெரிய தப்பா இருக்கும்னு பயம். கூப்பிடவே கை வரல."

"எனக்கும் அதேதான்டா."

"கடைக்கு வர்றவன் மோட்டாரை வெச்சிட்டுப் போறான், வந்து எடுத்துட்டுப் போறான். ஒருத்தனும் ரெண்டு வார்த்தை பேசறதில்லக்கா. ஒரு நாள் நானே காஸ் ஏஜென்சிக்குப் போன் பண்ணி, சும்மா, சிலிண்டர் எப்ப வரும்னு கேட்டேன். வீட்டுல சிலிண்டர் முழுசா இருந்துச்சு."

படிவத்தை எடுத்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். இதில் இரண்டு பேரில் யார் கையெழுத்துப் போட்டாலும் இரண்டு பேரும் வெளியே வந்துவிடலாம். ஆனால் நம் இடத்துக்கு வேறு இரண்டு பேர் போவார்கள், யாரென்று நமக்குத் தெரியாது. இதை அவள் சொன்னபோது செழியன் படிவத்தைத் தொடவில்லை.

"நான் போடப் போறதில்ல" என்றாள் பூங்கோதை. "நாம பேசிக்கிறதுக்கு எவன் மணியும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடு. மறந்தா நான் கூப்பிடறேன். என் போன் அடிச்சா அது நீதான்னு எனக்குத் தெரியும். நீயா கூப்பிடறேன்னும் தெரியும். அது போதும்."

அவன் தலையாட்டினான். படிவம் அங்கேயே மேசை மேல் கிடந்தது. பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அதை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருந்தன. ஒரு வாரம் அவன் மறந்தான், இவள் கூப்பிட்டாள். இன்னொரு வாரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் அரைமணி நேரம் திண்டாடினார்கள். மற்றபடி வீடு அதே வீடுதான், சாயங்காலம் அதே கரகரத்த குரல்தான்.

ஜூன் மூன்றாம் தேதி காலை ஆறேகாலுக்குப் போன் அடித்தது. சேலத்துச் சித்தி. "பிறந்தநாள் வாழ்த்துடி கண்ணு!" வைத்ததும் ரெஜினா. பிறகு மாடி வீட்டுக்காரர், பழைய மேலாளர், பெரியப்பா பிள்ளைகள் வரிசையாக. அன்று மட்டும் நாற்பத்தாறு பேர். டெங்கு இப்போது எப்படி இருக்கிறது என்று முப்பது பேராவது கேட்டார்கள், ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். ரெஜினா அழுதாள், உண்மையாகவே அழுதாள், இத்தனை நாள் எப்படி உன்னை மறந்தேன் என்று தனக்கே தெரியவில்லை என்றாள். பூங்கோதைக்குத் தெரியும். சொல்லவில்லை.

செழியன் கையெழுத்துப் போட்டுவிட்டான். அது முதல் அழைப்பிலேயே புரிந்துவிட்டது. ஆனால் நாற்பத்தாறு பேரில் அவன் இல்லை. சாயங்காலம்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். கூட்டம் வந்ததும் அக்கா வேண்டாதவள் ஆகிவிட்டாள்போல என்று நினைத்தபோது, அந்த மூன்று வருடத்தில் படாத வலி ஒன்று பட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஏழு பத்துக்குச் செழியன் கூப்பிட்டான். அவன் பின்னால் மணியோசை கேட்டதாக அவளுக்குத் தோன்றியது.

"நீ போட்டியாடா கையெழுத்து?"

"போட்டேன்க்கா. உனக்காகத்தான்னு சொன்னா பாதிப் பொய். நீ ஆஸ்பத்திரியில தனியாக் கிடந்தேன்னு சொன்னியே, அது என்னமோ பண்ணிக்கிட்டே இருந்துச்சு. அதோட எனக்கும் முடியலக்கா. வாரத்துல ஒரு நாள் மட்டும் மனுசனா இருந்தா எப்படி?"

"அந்த ரெண்டு பேரு?"

அவன் அவள் கால் வீக்கத்தை விசாரித்துப் பேச்சை மாற்றினான். திட்டுவதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. தானே ஒரு நாள் போட்டிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஞாயிறு போய்ச் செவ்வாய் ஆகிவிட்டது. ஒவ்வொரு செவ்வாயும் ஏழு பத்து. கால் வீக்கம் வடிந்ததா, மாத்திரை போடுகிறாயா, கையேடு எந்த அளவில் இருக்கிறது. கேள்விகள் சரியான கேள்விகள், அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் தெரியவில்லை. அவள் போனிலும் இப்போது மணி அடித்தது. அடித்தால் கூப்பிட்டாள், சிரித்தாள், விசாரித்தாள். முன்பு வீட்டில் யாரும் இல்லாமல் தனியாக இருந்தாள், இப்போது நாற்பத்தாறு பேரோடு தனியாக இருந்தாள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது சொல்லுக்கு இன்னும் உதாரணம் எழுதவில்லை. ஹபீப் இரண்டு முறை கேட்டான்.

அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்தே மழை. நாலேகால் மணிக்குப் போன் அடித்தது. செழியன். செவ்வாய்தானே பேசினான், என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தாள்.

"அங்க மழை பேயுதாக்கா?"

"பேயுது. என்னடா, உடம்பு ஏதாச்சும் சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க தெருக்கோடியில தையக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவர் வீட்டம்மாவும் அவரும்தான். தெருவுல இருக்கற அத்தனை பேரைப் பத்தியும் இந்தப் போன் சொல்லுது, அவங்க ரெண்டு பேரைப் பத்தி மட்டும் வாயே தொறக்கறதில்ல. அந்த ரெண்டு பேருன்னு கேட்டியே... நம்ம எடத்துக்குப் போனவங்க இவங்கதானான்னு தெரியாது. எவங்களா இருந்தா என்ன? தெனம் சாயந்தரம் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். போன் சொல்லாததை நானே ஞாபகம் வெச்சுப் பழகிட்டிருக்கேன்."

"நல்லதுடா" என்றாள்.

"அதைச் சொல்லக் கூப்பிடல. பாயசம் வெச்சியா?"

பூங்கோதை நாட்காட்டியைப் பார்த்தாள். இருபத்து மூன்று. அவளுக்கே ஞாபகமில்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தேதி அது. நினைவியைப் பொறுத்தவரை இன்று வெறும் வெள்ளிக்கிழமை.

"யாருடா சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்?" என்றான் செழியன். "ஜூன் மாசம் அடிச்சுது, மூணு தடவை அடிச்சுது. தள்ளி விட்டுட்டேன். அது பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது நம்ம பரமசிவம் வாத்தியார் வெச்ச நாளு, அன்னைக்கு நான் எதுக்குக் கூப்பிடணும்? இதுக்காகத்தான் அக்கா அஞ்சு மாசமா பொத்தி வெச்சிருந்தேன். மறந்துடுவேனோன்னு பயந்து, கடையில சுண்ணாம்பால சுவத்துல எழுதி வெச்சேன்."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மழைச் சத்தம் இரண்டு ஊரிலும் கேட்டது.

"அழாதக்கா. எழுந்து போய்ப் பாயசம் வை."

"ஜவ்வரிசி இல்லடா வீட்டுல."

"அப்ப கடைக்குப் போய் வாங்கு. நான் லைன்லயே இருக்கேன்."

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.